நைட் ஷிஃப்ட் காண்ட்ராக்ட் வேலை வந்திருக்கா, ஓகே சொல்றதுக்கு முன்ன இதெல்லாம் பாரு மக்ளே

போன வாரம் எனக்க சித்திக்க மவன் போன் பண்ணினான், அக்கா ஒரு ஆஃபர் வந்திருக்கு, பிடிக்கவும் இல்ல, விடவும் மனசு வரல, என்ன செய்யன்னு கேட்டான். திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்துல உள்ள டெக்னோபார்க்ல ஒரு கம்பெனி, 11 மாசம் காண்ட்ராக்ட், நைட் ஷிஃப்ட், எல்1 மானிட்டரிங் சப்போர்ட், அதாவது சர்வர்கள பாத்துட்டு இருந்து பிரச்சினை வந்தா மொதல்ல கவனிக்கிற முதல் நிலை வேலை, மாசம் 30,000. இன்ஜினியரிங் முடிச்சு எட்டு மாசமா தக்கலைல வீட்டுல இருக்கான், பாக்கிறவங்க எல்லாம் வேலை ஆச்சான்னு கேட்டு கேட்டு அவன் சர்ச்சுக்கு போறதயே நிறுத்திட்டான், அந்த நெலமைல வந்த ஆஃபர். நானும் இதே மாதிரி ஒரு வேலைல 14 மாசம் இருந்தவ, அதுக்கப்புறம் அதே மாதிரி வந்த இன்னொண்ண வேண்டாம்னு சொன்னவ. ரெண்டு முடிவும் சரியாத்தான் எடுத்தேன்னு இப்பம் நினைக்கேன். அவன்கிட்ட ரெண்டு மணிக்கூரா சொன்னத இங்க எழுதுதேன், இதே குழப்பத்துல இருக்க பிள்ளைய நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நிறைய உண்டு.

மொதல்ல, பிடிக்கலன்னு மொத்தமா சொல்லாத. எது பிடிக்கலன்னு பிரிச்சு ஒரு பேப்பர்ல எழுது. ராத்திரி முழிக்கது பிடிக்கலயா, காண்ட்ராக்ட்ங்கிறது பிடிக்கலயா, இல்ல அங்க செய்யப்போற வேலையே பிடிக்கலயா? இது மூணும் வேற வேற. காண்ட்ராக்ட்ங்கிற குறைய காசு கூட்டி கேட்டு ஓரளவு சரி பண்ணலாம். ராத்திரிங்கிற குறைய ஒரு குறிப்பிட்ட காலம் வரைக்கும் ஒடம்பு தாங்கும். ஆனா அந்த ஒம்பது மணிக்கூருல கத்துக்க ஒண்ணுமே இல்லன்னா அத எதால சரி பண்ணுவ? 11 மாசம் கழிச்சு இன்டர்வியூல என்ன செஞ்சன்னு கேக்கும்போது வாய்ல வார்த்தை இருக்காது. அதனால ராத்திரியையும் காண்ட்ராக்டையும் பாத்து பயப்படுறத விட அந்த வேலைக்குள்ள என்ன இருக்குங்கிறதத்தான் நான் முதல்ல தோண்டச் சொல்லுவேன்.

அத எப்படி தோண்டுறது? ஜாப் டிஸ்க்ரிப்ஷன நம்பாத, அது எல்லா கம்பெனிக்கும் ஒண்ணு போலத்தான் இருக்கும். இன்டர்வியூல கடைசில எதாவது கேக்கணுமான்னு கேப்பாங்கல்ல, அப்பம் டெக்னிக்கல் ஆள்கிட்ட, ஹெச்ஆர்கிட்ட இல்ல, இத கேளு: நேத்து ராத்திரி உங்க டீமுக்கு என்னென்ன டிக்கெட் (பதிவான பிரச்சினை) வந்துச்சு, அதுல எல்1 ஆள் என்ன செஞ்சாங்க? டிஸ்க் ஃபுல் ஆச்சு, லாக் பாத்தோம், எந்த ஃபோல்டர்னு கண்டுபிடிச்சு கிளீன் பண்ணினோம், குறிச்ச நேரத்துல தானா ஓடுற ஒரு பேட்ச் ஜாப் ஃபெயில் ஆச்சு, காரணம் பாத்து ரீரன் பண்ணினோம்னு பதில் வந்தா அந்த வேலைல சரக்கு இருக்கு. அலர்ட் வந்துச்சு, அந்தந்த டீமுக்கு போன் போட்டோம், மெயில் அனுப்பினோம்னு மட்டும் வந்தா நீ அங்க போய் ஸ்கிரீனத்தான் பாத்துட்டு இருப்ப. அடுத்தது, எத்தனை மாசத்துல எல்2, அதாவது அடுத்த நிலை டிக்கெட் தொட விடுவீங்கன்னு கேளு. அப்புறம், இப்பம் அதே ஷிஃப்ட்ல இருக்க ஒரு ஆள்கிட்ட பத்து நிமிஷம் பேச முடியுமான்னு கேளு. சம்மதிக்காத கம்பெனியும் உண்டு, அப்பம் லிங்க்டுஇன்ல தேடினா அந்த டீம்ல முன்னால இருந்த யாராவது கிடைப்பாங்க, மரியாதையா மெசேஜ் போட்டா பதில் வரும், எனக்கு ரெண்டு பேர் போன் எடுத்து அரை மணிநேரம் பேசியிருக்காங்க.

எனக்க அனுபவத்தயும் சொல்லிடுதேன். முதல் ஆறு மாசம் நான் செஞ்சது அலர்ட்ட எக்ஸெல்ல எழுதுறதுதான், ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஒண்ணுமே வராது, கண்ணு எரிய எரிய ஒக்காந்திருப்பேன். அப்புறம் காலைல அனுப்புற ரிப்போர்ட்ட கையால செய்யாம அத தானா செய்ய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், சின்ன புரோகிராம், எழுதி பாத்தேன், அது ஓடிச்சு, அத பாத்த ஒரு சீனியர் அண்ணன் பெரிய பிரச்சினைன்னா எல்லா டீமும் சேந்து பேசுற பிரிட்ஜ் கால்ல என்னயும் சேத்துக்கிட்டார், பேசாண்டாம், கேட்டுக்கிட்டு மட்டும் இருன்னார். ஒரு சர்வர் விழுந்தா பெரிய ஆளுங்க எப்படி ஒண்ணொண்ணா ஒதுக்கி காரணத்துக்கு வாறாங்கன்னு அங்கதான் கேட்டேன். அடுத்த வேலை எனக்கு கிடைச்சது அந்த எட்டு மாசத்தாலதான். ரெண்டாவது வந்த ஆஃபர்ல இந்த வழியே இல்ல, சிஸ்டத்துல ஸ்கிரிப்ட் ஓட்டவே விடமாட்டாங்கன்னு அங்க இருந்த பொண்ணு சொன்னா, 5,000 ரூபா கூட இருந்தும் வேண்டாம்னுட்டேன்.

இனி ராத்திரி. நைட் ஷிஃப்ட்னு ஒரே வார்த்தைல சொல்லுவாங்க, ஆனா எந்த ஊரு கிளையண்ட்டுங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. லண்டன் கிளையண்ட்னா நம்ம மதியம் 2.30 ல இருந்து ராத்திரி 11.30, அங்க கோடைல ஒரு மணிநேரம் முன்ன. அது ராத்திரி வேலையே இல்ல, பன்னெண்டரைக்கு படுத்து எட்டு மணிக்கு எந்திரிக்கலாம், கண்ண மூடிட்டு எடுக்கலாம். நியூயார்க்னா குளிர்காலத்துல சாயங்காலம் 7.30 ல இருந்து காலைல 4.30, மார்ச் ரெண்டாவது ஞாயிறு அவிய கடிகாரத்த முன்ன தள்ளுவாவ, அதுல இருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் 6.30 ல இருந்து 3.30. கலிஃபோர்னியான்னா குளிர்காலத்துல ராத்திரி 10.30 ல இருந்து காலைல 7.30, இதுதான் கஷ்டம், வெயில் ஏறினப்புறம் வீட்டுக்கு வந்து படுக்கணும். எல்லாத்தயும் விட மோசம் ரொட்டேஷனல், ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. ஒடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது, வெளிச்சத்த பாத்து நேரத்த திருத்திக்கும், அது எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2017 ல மருத்துவ நோபல் குடுத்தாங்க. அந்த கடிகாரம் ஒரு புது நேரத்துக்கு திரும்ப பல நாள் எடுக்கும், நீ வாரா வாரம் நேரத்த மாத்தினா அது எந்த நேரத்துலயும் நிக்காது. நிலையான ராத்திரி ஷிஃப்ட், ரொட்டேஷனல் ரெண்டும் ஒரே சம்பளத்துல வந்தா நான் நிலையானதத்தான் எடுப்பேன். வார லீவு சனி ஞாயிறா, இல்ல மாறி மாறி வருமான்னும் கேட்டுக்கோ.

வீட்டுல பெரியவங்க ஒண்ணு சொல்லுவாவ, நம்ம ஆளுவ ராத்திரி வேலை செய்யலயா, ரப்பர் வெட்டுறவன் மூணு மணிக்கு எந்திரிக்கலயா, கடலுக்கு போறவன் ராத்திரி முழுக்க வலை போடலயா, தோவாளைல விடியறதுக்கு முன்ன பூ வாங்க நிக்கலயான்னு. நான் இத ரொம்ப நாள் யோசிச்சேன், ஏன்னா எனக்க பெரியப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுனவர். தலைல லைட் கட்டிட்டு மூணரைக்கு தோட்டத்துல நிப்பார், வெயில் வரதுக்கு முன்ன வெட்டுனாத்தான் பால் நல்லா ஓடும். ஆனா அவர் ராத்திரி எட்டு மணிக்கு ஒறங்கிடுவார், வருசம் பூரா அதே நேரம், மழை நாள்ல வெட்டு இல்லாம வீட்டுல இருப்பார். அவர் ஒறக்கத்த முன்ன நகத்திக்கிட்டார், அவ்வளவுதான், இருட்டுலதான் ஒறங்கினார். நீ வெளிச்சத்துல ஒறங்கப்போற. இத அவங்ககிட்ட சண்டை போடாம பொறுமையா சொல்லு, எங்க அப்பாக்கு இப்படி சொன்னப்பதான் புரிஞ்சுது.

ஒடம்பு விஷயத்துல ஒளிவு மறைவு வேண்டாம். ராத்திரி ஷிஃப்ட் வேலைய உலக சுகாதார நிறுவனத்துக்கு கீழ உள்ள புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007 லயும் மறுபடி 2019 லயும் புற்றுநோய் வர காரணமா இருக்க வாய்ப்புள்ளதுங்கிற வகைல வச்சிருக்கு. இதுக்காக ஒரு வருசம் பாத்தா நோய் வந்துரும்னு அர்த்தம் எடுத்து பயப்படாண்டாம், பல வருசம் இழுத்தா ஆபத்து கூடுதுன்னுதான் நான் எடுத்துக்கேன், அதனாலதான் முடிவு தேதி வச்சுக்கிட்டு உள்ள போன்னு சொல்லுதேன். ஆனா ஒனக்கு வலிப்பு வந்திருந்தா, மன அழுத்தத்துக்கோ மனநிலை மாறுறதுக்கோ மருந்து எடுத்தா, அடிக்கடி ஒத்தத் தலைவலி வந்தா, சுகர் இருந்தா, கர்ப்பமா இருந்தா, ஆஃபர் லெட்டருக்கு பதில் போடுறதுக்கு முன்ன டாக்டர பாரு. ஒறக்கம் கெட்டா வலிப்பு திரும்ப வரலாம், இதுல ரிஸ்க் எடுக்கவே கூடாது.

பகல் ஒறக்கம் நடக்குமாங்கிறது ஒன்ன விட ஒனக்க வீட்டப் பொறுத்தது. நான் வீட்டுல இருந்து பாத்த மாசங்கள்ல பட்ட பாடு: காலைல ஏழுக்கு மீன்காரர் ஹாரன், எட்டுக்கு பக்கத்து வீட்டு மிக்சி, கோயில் கொடை வந்தா மூணு நாள் மைக்செட், சர்ச் திருவிழா வந்தா பத்து நாள் மைக்செட், மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு காலைல ஒம்பதுக்கு கரண்ட் போனா மதியம் தாண்டித்தான் வரும், மே மாசம் ஃபேன் இல்லாம யாரால ஒறங்க முடியும். ஓட்டு வீட்டுல மேல் ரூம்னா இன்னும் சூடு. அதோட வீட்டுக்கு வாறவங்க, என்ன பிள்ளை இன்னும் கெடந்து ஒறங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு போவாங்க, அம்மா மனசு கஷ்டப்பட்டு வந்து எழுப்புவாங்க. வேலை ஏத்துக்கிறதா இருந்தா முதல் நாளே வீட்டுல எல்லாரையும் ஒக்கார வச்சு சொல்லிடு, காலைல அஞ்சரைல இருந்து மதியம் ஒண்ணு வரைக்கும் எனக்கு ராத்திரி, கல்யாண வீடு சாவு வீடு தவிர எழுப்பாதீங்கன்னு. ஜன்னலுக்கு கருப்பு துணி போடு. கடைசி சாயா ராத்திரி பன்னெண்டுக்கு மேல வேண்டாம், அதுல உள்ள கஃபீன் பாதியா கொறையவே அஞ்சாறு மணிநேரம் ஆகும். ரெண்டு மணிக்கு பசிச்சா புரோட்டா சாப்பிடாத, வீட்டுல இருந்து ரெண்டு மட்டி பழமோ கஞ்சியும் பயறுமோ கொண்டு போ, வயிறு கனக்காது.

வீட்டுல இருந்தே வேலைன்னா இன்வெர்ட்டர், ரெண்டு வேற வேற நெட் கனெக்ஷன் இல்லாம ஒத்துக்காத, லைன் போனா யார் பொறுப்புன்னு எழுத்துல கேளு. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சப்ப நம்ம மாவட்டத்துல எத்தனை நாள் கரண்ட் இல்லாம கெடந்தோம்னு ஒனக்கே ஓர்மை இருக்கும். ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை வாற ஊர் இது.

ஆபீஸ் போற வேலைன்னா பயணத்த இன்னும் கவனமா பாரு. நாகர்கோவில்ல இருந்து கழக்கூட்டம் 80 கிலோமீட்டர் கிட்ட வரும், தக்கலைன்னா அதுல கொஞ்சம் கொறையும். தினம் போய்ட்டு வந்துடலாம்னு சொல்லி ஆரம்பிப்பாங்க, நைட் ஷிஃப்ட்ல அது நடக்காது. கேப் உண்டுன்னு சொன்னா எத்தனை கிலோமீட்டர் வரைக்கும்னு கேளு, கேரள எல்லைல உள்ள களியக்காவிளை தாண்டி வருமான்னு கேளு. வராதுன்னா கழக்கூட்டத்துல ரூம் எடுக்கணும், அந்த வாடகை, சாப்பாடு எல்லாத்தயும் 30,000 ல கழிச்சுட்டுத்தான் சம்பளம் எவ்வளவுன்னு யோசிக்கணும். பைக்ல போலாம்னு மட்டும் நினைக்காத மக்ளே. ராத்திரி ரெண்டுல இருந்து காலை ஆறு வரைக்கும் ஒடம்பு எவ்வளவு முழிச்சாலும் கண்ணு அசந்துடும், ஒரு செகண்ட் தலை சாஞ்சா போதும், நம்ம ஹைவேல அந்த நேரம் பூரா பாறை ஏத்தின டாரஸ் லாரி. இத நான் கெஞ்சித்தான் சொல்லுதேன்.

பொம்பளப் பிள்ளைகளுக்கு தனியா ஒண்ணு. தமிழ்நாட்டுல கடை நிறுவனங்கள 24 மணிநேரமும் தொறக்க விட்ட அரசாணைலயே, ராத்திரி 8 ல இருந்து காலை 6 வரைக்கும் பெண்கள வேலை செய்ய வைக்கணும்னா எழுத்துல சம்மதம் வாங்கணும், பாதுகாப்பு குடுக்கணும்னு இருக்கு. அதனால சம்மதக் கடிதம் கேட்டா பயப்படாத, கேக்காத எடத்துலதான் யோசிக்கணும். வீட்டு வாசல் வரைக்கும் கேப் வருமா, கடைசி ஆளா ஒரு பொண்ண எறக்கும்போது கூட செக்யூரிட்டி இருக்காரான்னு கேளு. பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்பு சட்டம், 2013 ல வந்தது, காண்ட்ராக்ட்ல இருக்க பெண்களுக்கும் பொருந்தும்.

காசு கணக்குக்கு வாறேன். 30,000 ங்கிறது 11 மாசத்துக்கு 3,30,000. காண்ட்ராக்ட் முடிஞ்சு அடுத்த வேலை கிடைக்க ரெண்டு மாசம் ஆச்சுன்னு வை, 13 மாசத்துக்கு அதே காசு, அப்பம் மாசத்துக்கு 25,400 கூட வரல. அதாவது இதே வேலைக்கு பெர்மனன்ட்ல 25,000 தாற கம்பெனி இருந்தா ரெண்டும் ஏறக்குறைய சமம், ராத்திரி முழிக்கதுக்குன்னு ஒனக்கு ஒண்ணும் வரல. இத நான் சொன்னதும் எனக்க தம்பி அமைதி ஆயிட்டான். அடுத்தது யாருக்க பேரோல், அதாவது சம்பளம் தாறது அந்த கம்பெனியா, நடுவுல உள்ள ஏஜென்சியான்னு பாரு. பிஎஃப் பிடிச்சா நல்லது, ஒன்கிட்ட 12 சதவீதம் பிடிச்சா அவிய பங்கும் 12 போடணும், ஆனா சில எடத்துல ரெண்டு பங்கும் ஒனக்க சிடிசிக்குள்ளயே (ஒனக்காக கம்பெனி செலவு பண்ணுற மொத்த தொகை) இருக்கும், அத கழிச்சு கைல வாறத கேளு. கன்சல்டன்ட்னு போட்டு பிஎஃப் இல்லாம 10 சதவீதம் டிடிஎஸ்னு வருமான வரிய முன்கூட்டியே பிடிச்சு தாறவங்களும் உண்டு, வருமானம் கொறவுன்னா ரிட்டர்ன் ஃபைல் பண்ணி திரும்ப வாங்கலாம், ஆனா அது வரைக்கும் கைல வாறது 27,000 தான். ஷிஃப்ட் அலவன்ஸ் தனியா இருக்கா, இல்ல அந்த 30,000 க்குள்ள அடக்கமான்னும் பாரு. அடக்கம்னா நாளைக்கு பகல் ஷிஃப்ட் மாத்தும்போது அதுல கை வைப்பாங்க.

காண்ட்ராக்ட் பேப்பர்ல நீ தேட வேண்டியது நோட்டீஸ். ஒனக்கு 60 நாள், அவங்களுக்கு ஒரு நாள்னு எழுதியிருப்பாங்க, அத சமமா ஆக்கச் சொல்லி கேளு, மாத்தலன்னாலும் நீ படிச்சிருக்கன்னு தெரியட்டும். எனக்கு டிசம்பர்ல ஒரு வாரம் முன்னால சொல்லி முடிச்சாங்க, கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வந்தவ அப்படியே இருந்தேன், கடைசி மாச சம்பளம் வர மூணு மாசம் மெயில் போட்டுட்டே இருந்தேன். அதனால சேந்த முதல் மாசத்துல இருந்தே மூணு மாச செலவுக்கு உள்ள காச தனியா வை. ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டா குடுக்காத. ட்ரெய்னிங்குக்கு, லேப்டாப்புக்குன்னு நீ காசு கட்டணும்னு சொன்னா அது வேலையே இல்ல, அங்கயே நிறுத்து. பெர்மனன்டா கன்வெர்ட் பண்ணிடுவோம்னு சொன்னா, போன வருசம் எத்தனை பேர கன்வெர்ட் பண்ணுனீங்கன்னு கேளு, எண்ணிக்கை சொல்லாம சிரிச்சா அத கணக்குல சேக்காம முடிவு எடு.

இவ்வளவும் கேட்டப்புறம் எப்படி முடிவு பண்ண? எஜுகேஷன் லோன் இஎம்ஐ ஓடுது, கைல வேற ஆஃபர் இல்ல, வேலைல கொஞ்சமாவது கத்துக்க வழி இருக்குன்னா எடு, எந்த வெக்கமும் வேண்டாம், ஊர்ல பெர்மனன்டான்னு கேக்கவங்க இஎம்ஐ கட்டமாட்டாங்க. ஆனா அன்னைக்கே காலண்டர்ல மூணு தேதி குறி: நாலாவது மாசம் எல்2 டிக்கெட் கேக்கணும், ஏழாவது மாசம் ரெஸ்யூம் புதுக்கணும், எட்டாவது மாசம் இன்டர்வியூ தொடங்கணும். நைட் ஷிஃப்ட்ல ஒரு நல்லது, பகல்ல லீவு போடாம இன்டர்வியூ அட்டெண்ட் பண்ணலாம், ஆனா காலைல வைக்காத, ஒறங்கி எந்திரிச்சு சாயங்காலம் நாலு மணிக்கு கேளு. குறைஞ்ச சம்பளத்துல பகல் வேலை ஒண்ணு கைல இருந்து அதுல கோட் தொட விடுறாங்கன்னா அதுக்குத்தான் போ. ரொட்டேஷனல், ஸ்கிரீன் பாக்கது மட்டும், கேப் இல்ல, இது மூணும் சேந்து வந்தா வீட்டுல இன்னும் ரெண்டு மாசம் இருந்து படிச்சாலும் தப்பில்ல. வேண்டாம்னா வேண்டாம்னு அன்னைக்கே மெயில் போடு, ஷிஃப்ட் ஒத்துவரல, பகல் வேலையோ யூகே ஷிஃப்ட்டோ வந்தா சொல்லுங்கன்னு எழுது. ஓகே சொல்லிட்டு போகாம இருக்காத, அந்த ரெக்ரூட்டர் நாளைக்கு நீ ஆசைப்படுற கம்பெனில இருப்பாங்க.

பதில் சொல்ல நாலு நாள் டைம் கேளு, பெரும்பாலும் தருவாங்க. அந்த நாலு நாள்ல மூணு ராத்திரி வீட்டுலயே ஷிஃப்ட் பாரு. ஏழரைக்கு லேப்டாப் முன்னால ஒக்காரு, படம் பாக்காத, லினக்ஸ் லேப் எதாவது போட்டு செய், நாலரைக்கு எந்திரி, அஞ்சரைக்கு படு. எத்தனை மணிநேரம் ஒறங்கின, எத்தனை தடவை முழிச்ச, மூணாவது நாள் அம்மாகிட்ட எரிஞ்சு விழுந்தியா, எல்லாத்தயும் எழுது. எனக்க தம்பி செஞ்சான். முதல் நாள் நாலு மணிநேரம், ரெண்டாவது நாள் அஞ்சரை, மூணாவது நாள் பராமரிப்பு கரண்ட் கட், ஒம்பதரைக்கு எந்திரிச்சு திண்ணைல வந்து படுத்திருக்கான். ஹெச்ஆருக்கு மெயில் போட்டிருக்கான், நிலையான ஷிஃப்ட்டா, அலவன்ஸ் தனியா, மூணு மாசத்துல எல்2 தருவீங்களான்னு. ரூம் வாடகை விசாரிக்க நாளைக்கு ட்ரெயின்ல கழக்கூட்டம் போறான், பகல்ல அந்த ரூம்ல எவ்வளவு சத்தம் இருக்குன்னு பத்து மணிக்கு போய் நின்னு பாத்துட்டு வான்னு சொல்லியிருக்கேன்.